ஒருத்திக்கு மட்டும் கேட்ட சத்தம்

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் என் காதைப் பற்றி வாதாடிய மாதிரி சொத்துக்காகக்கூட யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள். காது என்னுடையது. ஆனால் அந்த வழக்கில் நான் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. மேஜைமேல் எடுத்து வைத்த சாட்சிப் பொருள். இதை எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. இருவரும் போய்விட்ட பிறகு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை.

இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர். தென்காசி முன்சீப் கோர்ட்டில் வக்கீல். அப்போது மேடைகளில் பகுத்தறிவுப் பேச்சு சூடு பிடித்திருந்த காலம். இவருக்கு மேடை தேவைப்படவில்லை; பிறவியே அப்படி. எங்கள் ஊர்க் கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் காற்று ஆளைத் தள்ளுவதைச் சாமியின் விளையாட்டு என்று யாராவது சொன்னால், கணவாய் வழியாக வருகிற காற்று எதிரே வாசலைக் கண்டால் நுழையத்தான் செய்யும் என்பார். சண்டைக்காகச் சொல்ல மாட்டார். வழி கேட்டவருக்கு வழி சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்வார். அதனால் இவரோடு சண்டை போடுவது மகா கஷ்டம்.

அண்ணன் சுந்தரபாண்டியபுரத்தில் அப்பா விட்டுப்போன வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேதாந்தம் படித்தவன். வெளியே உலகம் என்று ஒன்றும் கிடையாது, மனசு கட்டிக்கொண்ட வீடுதான் எல்லாம், அவரவர் அனுபவம்தான் அவரவருக்குச் சத்தியம் என்பான்.

"அப்படின்னா மச்சான், குத்தகை நெல்லும் மனசு கட்டினதுதானா?" என்று இவர் ஒருநாள் கேட்டார்.

"அது ஒண்ணுதான் மாப்பிள்ள, வெளியில இருந்து வருது" என்று அண்ணனே சிரித்துவிட்டான்.

அப்படிச் சிரிக்கவும் தெரிந்தவர்கள்தான் இருவரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வருவான். சாப்பாடு ஆறும்வரை பேசுவார்கள். எனக்கும் கேட்க நன்றாக இருக்கும். பேச்சு வேறு யாரையோ பற்றியது என்று இருந்தவரைக்கும்.

எங்களுக்கு முதலில் பிறந்தவன் ஆண்பிள்ளை. தவழ ஆரம்பித்திருந்தான். அந்த வருஷம் ஐப்பசி மழையோடு மலைக்காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் அடுப்பு புகைந்த வீடுகள் குறைவு. சமையலுக்கு வந்துகொண்டிருந்த அம்மாளும் படுத்துவிட்டாள். முதலில் நான் விழுந்தேன், பிறகு பிள்ளை. கொயினா மருந்தைக் கரைத்து இரண்டு பேருக்கும் புகட்டிக்கொண்டு இவர் ஒருவர்தான் வீட்டில் நடமாடினார் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஜுர வேகத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்திருக்கிறேன். கீழப்பாவூரிலிருந்து என் அம்மா வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. பிள்ளை இல்லை.

"தூக்கத்துலயே போயிட்டான். அழக்கூட இல்ல" என்று இவர் சொன்னார்.

வக்கீலாக இருந்தும் பொய் சொல்லாதவர் என்று இவருக்கு ஊரில் பேர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். கஷ்டப்படாமல் போனான், தூங்குகிற மாதிரி போனான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலை வாரினேன், சாப்பிட்டேன், அம்மாவை ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டேன்.

அம்மா போன பிறகு ஒரு காலையில் உலையில் அரிசியைப் போடும்போது பிள்ளை அழுதான். பாலுக்கு அழுகிற அழுகை. முதலில் லேசாக ஒரு சிணுங்கல், இன்னொரு சிணுங்கல். பிறகு ஒரு நிறுத்தம். அதன் பிறகு வீடு கிடுகிடுக்க அழுகை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். தொட்டில் கட்டியிருந்த வளையம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. மார்பில் பால் சுரந்துவிட்டது. அவ்வளவுதான்.

மறைத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, "பிள்ள அழுதான்" என்று சொன்னேன். தம்ளரை அப்படியே கீழே வைத்தார். முகம் வெளிறிப்போயிற்று. என் புத்திக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அன்றிலிருந்து கோர்ட்டு விட்டு வந்ததும் எனக்கு விசாரணை. மிரட்டல் கிடையாது, அதட்டல் கிடையாது. எந்தப் பக்கமிருந்து கேட்கிறது, எந்த நேரத்தில் கேட்கிறது, அப்போது நான் சாப்பிட்டிருந்தேனா, தூங்கியிருந்தேனா, ஜன்னல் திறந்திருந்ததா. தொட்டில் வளையத்தைக் கழற்றச் சொன்னார். ஒருநாள் அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். எனக்குக் கேட்டது. அந்த அம்மாள் பாவம், கேட்கவில்லை என்று சொல்லவும் மனசில்லாமல் கேட்கிறது என்று சொல்லவும் முடியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்திக்கு மட்டும் கேக்குதது சத்தமே இல்ல. பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேட்டாத்தான் சத்தம்" என்றார் இவர்.

"அப்பம் வலி? எனக்குப் பல்லு வலிச்சா உங்களுக்குமா வலிக்கும்? அது வலி இல்லன்னு சொல்லுவீங்களா?"

இவர் யோசித்தார். அப்படி யோசிப்பதும் இவருடைய குணம். பெண்பிள்ளை கேட்டாள் என்று தள்ளிவிட மாட்டார். மறுநாள் சாயங்காலம் பதிலோடு வந்தார். "வலிக்கு ஒரு காரணம் உண்டு. சொத்தைப் பல்லக் காட்டலாம். நீ எதக் காட்டுவ?"

நான் நனைந்த ரவிக்கையைக் காட்டினேன். பிள்ளை அழும்போதெல்லாம் அப்படித்தான் நனையும். இவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். "அது உடம்போட பழக்கம். அதுக்கும் தெரியாது பிள்ள இல்லன்னு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்கு விசாரணை அதோடு முடிந்தது.

இவர்தான் இப்படி என்றால் அண்ணன் அதற்கு மேலே. அவனிடம் சொன்னால் என் பக்கம் பேசுவான் என்று நம்பினேன். பேசத்தான் செய்தான். "ஏட்டி, நீ குடுத்து வச்சவ! நாங்க வருஷக்கணக்கா கண்ண மூடிக்கிட்டு உக்காந்தும் கிடைக்காதது உனக்குத் தானா வந்திருக்கு. சத்தம் வெளியில இருக்கா உள்ள இருக்கான்னு பாராத. அது எழும்புத எடத்தப் பாரு. அதுதான் நீ!" என்றான்.

நானும் பார்த்தேன். அது எழும்புகிற இடத்தில் என் பிள்ளைதான் இருந்தான். வேறு ஒன்றும் இல்லை. இதை அவனிடம் சொன்னால் அதிலும் ஒரு தத்துவம் எடுப்பான் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைக் காட்டினான். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவர் என் காதை நம்பவே இல்லை. அண்ணன் என் காதைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை. பிள்ளை என்று ஒருத்தன் இருந்ததே இருவருக்கும் மறந்துபோயிற்று என்று அப்போது நினைத்தேன். ஒருவரைப் பற்றி அப்படி நினைத்தது தப்பு.

சாரல் தொடங்கியது. புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்து அருவியில் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பழைய வைத்தியம். தலை நிறைய எண்ணெய் தேய்த்து, தண்ணீர் மொத்தமாக விழுகிற இடத்தில் பிடித்து நிறுத்துவார்கள். சீசனில் போனால் எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்க்கலாம்; மலையாளத்து ஆட்களும் செங்கோட்டை வழியாக வருவார்கள். இவர் அதை ஒருநாளும் மதித்ததில்லை. அந்த வருஷம் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில், நரம்புக் கோளாறுக்குத் தலையில் குளிர்ந்த தண்ணீரை விடுவது மேல்நாட்டில் நல்ல பலன் தருகிறது என்று படித்துவிட்டார். அண்ணனோ, அந்த இரைச்சலே பிரணவம், அதில் நின்றால் சித்தம் லயமாகிவிடும் என்றான். வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவைதான் இருவரும் ஒத்துப்போனார்கள். எனக்குப் பைத்தியம் என்று இருவரும் வாயால் சொன்னதில்லை. வண்டி கட்டச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இருவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருத்தி என் இரண்டு புஜத்தையும் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க தாயி, நான் பிடிச்சிருக்கேன்" என்று உள்ளே தள்ளினாள். தண்ணீர் தலையில் விழுந்ததா, மலையே விழுந்ததா தெரியவில்லை. மூச்சு முட்டியது. என்ன ஒரு இரைச்சல்! பிள்ளை போனதிலிருந்து நான் வாய்விட்டு அழுததில்லை. தூக்கத்தில் போனவனுக்காக ஒப்பாரி வைப்பது என்னவோ அவன் தூக்கத்தைக் கலைக்கிற மாதிரி இருந்தது. அருவிக்குள் நின்று பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்து புடவை மாற்றிக்கொண்டு போனேன். இருவரும் என் முகத்தைப் பார்த்து ஒரே மூச்சில், "கேக்குதா?" என்றார்கள்.

"கேக்கல" என்றேன்.

நிஜத்தைத்தான் சொன்னேன். அருவிக்குள்ளே இடி விழுந்தால்கூடக் கேட்காது. வெளியே வந்தும் காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, இவர்கள் பேசுவதே வாய் அசைவை வைத்துத்தான் தெரிந்தது. அதை விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். இவர் கண்ணில் தண்ணீர். இவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

வில்வண்டியில் திரும்பினோம். நான் நடுவில், ஈரத்தலையோடு. எனக்குக் குணமாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. எதனால் குணமானது என்பதுதான் வாதம்.

"விடாம இரைச்சல் விழுந்தா நரம்புக்குள்ள பழக்கம் அத்துப்போகும் மச்சான். அவ்வளவுதான் சமாச்சாரம்."

"நரம்பு என்ன நரம்பு? கேக்குதவளே கரஞ்சிட்டா மாப்பிள்ள, பெறவு எங்க சத்தம்?"

கரைந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். மேலகரம் தாண்டும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. காதிலிருந்து வெந்நீர் மாதிரி தண்ணீர் வழிந்து, அடைப்பு விட்டது. மாட்டின் மணி கேட்டது, அண்ணன் சிரிப்பது கேட்டது, பிள்ளை அழுவது கேட்டது. அதே சிணுங்கல், அதே நிறுத்தம். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அத்தனை மாசமாக அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகங்களில் நான் பார்த்ததில்லை. யாரும் என்னிடம் மறுபடியும் கேட்கவுமில்லை. முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. பிள்ளை அழுதால் நான் உள்ளேயே வைத்துக்கொள்வேன். பிறகு எங்களுக்குப் பெண் பிறந்தாள். அவள் அழுகைக்கு ஓடி ஓடி, அவனுடைய அழுகை எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்தும்போது, ரொம்ப நாளாகக் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அருவியில் குணமானதாகச் சொன்ன அன்று கிடைக்காத துக்கம் கொல்லையில் கிடைத்தது. கடைசியாகக் கேட்டது என்றைக்கு என்று தெரிந்திருந்தாலாவது அன்று கொஞ்சம் நன்றாகக் கேட்டிருப்பேன்.

இவருக்கு வயதாக வயதாகப் பகுத்தறிவு முற்றிக்கொண்டே வந்தது. ஜோசியரை வாசலோடு அனுப்புவார். பேய் பிடித்தது என்று யாராவது சொன்னால் நடந்தே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருவார். அண்ணன் யுத்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தான். கடைசிவரை தன் தங்கை அருவியில் கரைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தானாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர்வாதம் இல்லாமல் வாடிப்போனார் என்று நான் கேலி செய்வேன்.

யுத்தம் முடிந்த சமயம். கோர்ட்டு விடுமுறை. ஒரு மத்தியானம் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தை கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ஓய்ந்தது. இவர் பேப்பரை இறக்கிவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"பால் குடிச்சிட்டுத் தூங்கிட்டு போல" என்றேன்.

"அது நின்னுட்டு. எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "இது அது இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்த அன்றைய முகம். "உனக்கு அருவியிலயே நின்னுபோச்சு. எனக்குத்தான் நிக்கல" என்றார்.

எத்தனை வருஷம்! ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழே. எனக்கு மேலகரம் தாண்டும்போதே மறுபடி கேட்டது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒன்று கேட்டாக வேண்டும் போலிருந்தது.

"எப்படி அழுதான்?" என்றேன்.

இவர் பேப்பரை மடித்தார், மறுபடி மடித்தார். "நீ பிதத்திக்கிட்டுக் கெடந்த. நான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். அழுதான், அழுதான், தொண்ட கட்டிப்போச்சு. பெறவு வாயத் தெறக்கான், சத்தம் வரல. என் சட்டையப் பிடிச்சிருந்தான். கடைசியில ஒரு கேவல். அந்தக் கேவல்தான் கேக்குது" என்றார்.

தூக்கத்துலயே போயிட்டான் என்றாரே. நான் எழுந்து உட்கார்ந்தது அந்தச் சொல்லைப் பிடித்துத்தானே. மடியில் இருந்த முறம் சரிந்து அரிசி கொட்டியது, இருவரும் எடுக்கவில்லை.

"நீ தாங்கமாட்டேன்னுதான் அப்படிச் சொன்னேன். பெறவு நீ வந்து பிள்ள அழுதான்னியே. நெனவில்லாமக் கெடந்தாலும் காதுல விழுந்திருக்கும்லா. அந்தக் கேவல்தான் உனக்கும் கேக்குன்னு நெனச்சேன். அதான் அது சத்தமே இல்ல, சத்தமே இல்லன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். எனக்குங்கூடச் சேத்துத்தான் சொன்னேன்."

எந்தப் பக்கம், எந்த நேரம், ஜன்னல் திறந்திருந்ததா என்று துருவித் துருவிக் கேட்ட மனிதர் எப்படி அழுதான் என்று ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பதிலுக்குப் பயந்திருக்கிறார். அன்று நான் அருவியை விட்டு வெளியே வந்து கேட்கவில்லை என்றதும் அழுதாரே, அது ஏன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குக் கேட்டது அது இல்ல" என்றேன். "எனக்குப் பாலுக்கு அழுதான். லேசா சிணுங்குவான், இன்னொருக்கச் சிணுங்குவான், பெறவு கொஞ்சம் நிறுத்துவான்…"

"நிறுத்திட்டு வாசலப் பாப்பான், நீ வாரியான்னு" என்றார் இவர்.

"ஆமா."

"பாலுக்குத்தானா?"

"பாலுக்குத்தான்."

"பாலுக்குத்தானா" என்று மறுபடியும் கேட்டார். "அது நல்ல அழுகைல்லா" என்றார். துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எப்படி அழுதான் என்று இவர் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே, காப்பி ஆறுவதற்கு முன்னால். நான் சிணுங்கலைச் சொல்லியிருப்பேன். இவருக்குப் பயம் விட்டிருக்கும். ஒருவேளை கேவலை என்னிடம் சொல்லியும் இருப்பார். ஆளுக்குப் பாதியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்திருப்போம். அதற்குப் பதிலாக இவர் தன் பாதியைத் தனியாகச் சுமந்தார். பெண்டாட்டிக்குக் குணமாகிவிட்டது, நமக்குத்தான் புத்தி சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போய்ப் பேய் இல்லை, பேய் இல்லை என்று சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அதன் பிறகு இவர் சில சமயம் தலையைச் சாய்ப்பார். நான் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருவேன். அந்தக் கேவல் எனக்கும் கேட்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். பெற்றவள்தானே நான். ஒருநாளும் கேட்டதில்லை. "கேக்குதா?" என்று இவர் என்னிடம் கேட்டதுமில்லை. அந்த ஒன்றரை வருஷம்தான் நாங்கள் குடும்பம் நடத்தியது என்று எனக்குத் தோன்றும். பிறகு இவரும் போய்விட்டார். என் பிள்ளை கடைசியாக அழுதது இப்போது யாருக்கும் கேட்கவில்லை.